இடையில் நிகழும் நடனம்: பிரெஞ்சுக்காரர்களும் ஜப்பானியர்களும் சேர்ந்து ஆடும்போது

‘கன்டெம்பரரி’ என்ற சொல்லை நம்மில் பெரும்பாலோர் டிவி நடனப் போட்டிகளில்தான் கேட்டிருப்போம். சோகப் பாட்டு ஒன்று ஓடும். வெறுங்காலோடு ஒருவர் தரையில் புரள்வார், இன்னொருவர் அவரைத் தூக்கிச் சுழற்றுவார், முடிவில் நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதற்குப் பின்னாலும் உழைப்பு இருக்கிறது, குறை சொல்ல வரவில்லை. ஆனால் பாரிஸில் ஒருவர் சமகால நடனம் பார்க்கப் போனால், உடம்பெங்கும் வெள்ளைப் பொடி பூசிய மனிதர் ஒருவர் எழுந்து நிற்பதற்கே சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதைப் பார்க்க நேரலாம். அப்படி ஒரு வீடியோவை முதன்முறை பார்த்தபோது நெட் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

அந்த வெள்ளைப் பொடி மனிதர் ஜப்பானியர். அவர் நிதானமாக எழுந்து நிற்பதற்கு மேடையும் பணமும் கொடுத்தது பாரிஸ் நகரத்து அரங்கம் ஒன்று. இந்த இரு நாட்டுக் கலைஞர்களும் சேர்ந்து நடனம் செய்வது அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. அது எப்படித் தொடங்கியது, ஒத்திகை அறைக்குள் என்ன நடக்கிறது, புதிதாகப் பார்ப்பவர் எதைக் கவனிக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் அடிப்படை. பரதத்தில், ஆடுபவர் பிறப்பதற்கு முன்பே அடவு இருக்கிறது. பாலேயில் ஐந்து கால்நிலைகள் காத்திருக்கின்றன. சமகால நடனத்துக்கு இப்படி முன்கூட்டிய இலக்கணம் கிடையாது. ஒவ்வொரு படைப்பும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ளும். ஒன்றில் விழுவது மட்டுமே நடனமாக இருக்கும், இன்னொன்றில் நடப்பது மட்டும். ஆகவே பிரெஞ்சுக்காரர் பாலேயையும் ஜப்பானியர் தங்கள் மரபு நாடகமான கபுகியையும் எடுத்துவந்து பாதிக்குப் பாதி கலக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படிக் கலப்பது ஃப்யூஷன். கல்யாண ரிசப்ஷன் கச்சேரிபோல ஒரு மாலைக்கு நன்றாயிருக்கும், அவ்வளவுதான். இவர்கள் அறைக்குள் கொண்டுவருவது பழகிய உடம்பை. எப்படி நிற்பது, எங்கே மூச்சு விடுவது, எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம் என்று ஊறிப்போன பழக்கங்களை. அவை ஒத்துப்போகாத இடத்தில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது என்பது என் கணிப்பு.

புத்தகமாகப் போய் உடம்பாகத் திரும்பியது

1921 முதல் 1927 வரை ஜப்பானில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர் போல் குளோதேல். கவிஞர், நாடகாசிரியர், சிற்பி கமீல் குளோதேலின் தம்பி. தூதரகக் கோப்புகளுக்கு நடுவே அவர் ஒரு மௌன நாடகம் எழுதினார். ஒரு வீரன், ஒரு பெண், ஒரு நிழல். 1923இல் தோக்கியோவின் இம்பீரியல் தியேட்டரில் ஜப்பானியக் கலைஞர்கள் ஜப்பானிய இசையோடு அதை ஆடினார்கள். எழுதுவது இவர், ஆடுவது அவர்கள் என்ற பங்கீடு. இன்றைய அர்த்தத்தில் கூட்டுப் படைப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் விதை அங்கே இருக்கிறது.

அதே இம்பீரியல் தியேட்டரில், 1929இல், உடற்கல்வி படித்துக்கொண்டிருந்த கஸுவோ ஓனோ என்ற இளைஞர் மேல்மாடத்தில் உட்கார்ந்து ‘லா அர்ஜென்டினா’ என்று பேர்பெற்ற ஸ்பானிய நடனக்காரியைப் பார்த்தார். அந்த மாலை அவரை விட்டுப் போகவே இல்லை. நடனம் கற்றார், போருக்குப் போனார், திரும்பி வந்து யோகோஹாமாவில் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தார். கடைசியில் 1977இல், 70 வயதைக் கடந்தபின், அந்த ஸ்பானியப் பெண்ணை வணங்கி ஒரு தனி நடனம் படைத்தார். பழைய கவுன், தொப்பி, வெள்ளை பூசிய முகம். அவரை இயக்கியவர் ஹிஜிகாட்டா டட்சுமி.

ஹிஜிகாட்டா வட ஜப்பானின் அகிட்டா பகுதிக்காரர். 1959இல் தோக்கியோவில் அவர் நிகழ்த்திய ஒரு குறு நடனத்தைத்தான் ‘புட்டோ’வின் பிறப்பாகக் கணக்கு வைக்கிறார்கள். கஸுவோ ஓனோவின் மகன் யோஷிட்டோவும் ஹிஜிகாட்டாவும் ஆடினார்கள். மேடையில் உயிருள்ள ஒரு கோழியும் இருந்தது. பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். புட்டோவின் முழுப் பெயர் ‘அங்கொக்கு புட்டோ’, இருளின் நடனம். நிமிர்ந்து பறக்கப் பார்க்கும் பாலேக்கு எதிர்த்திசை அது. குனிந்த முதுகு, மடங்கிய முழங்கால், உள்ளே திரும்பிய பாதம், மேலே செருகிய கண்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹிஜிகாட்டா ஜப்பானை விட்டு வெளியே காலடி வைத்ததில்லை. ஆனால் அவரைச் சூழ்ந்திருந்தது ழான் ழெனே, ஆன்தொனின் ஆர்த்தோ, லொத்ரேயமோன் என்று பிரெஞ்சு எழுத்து. தன் பேரோடு ழெனேயின் பேரைச் சேர்த்துக்கொண்ட காலமும் உண்டு. ஓனோவுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவரான தகாயா எகுச்சி, ஜெர்மனியில் நவீன நடனக் கலைஞர் மேரி விக்மனிடம் பயின்றவர். ஆக, பின்னாளில் பாரிஸ் புட்டோவைப் பார்த்துக் ‘கலப்படமில்லாத கிழக்கு’ என்று வாய்பிளந்தபோது, அதில் கணிசமான பங்கு பாரிஸிலிருந்தே புத்தகமாகப் போனதுதான்.

திரும்பி வந்த ஆண்டு 1978. கார்லோட்டா இகேடா, கோ முரோபுஷி என்ற இரண்டு ஜப்பானியப் புட்டோ கலைஞர்கள் ஜனவரியில் பாரிஸில் ஒரு சிறிய அரங்கில் ‘கடைசி ஏதேன்’ என்ற நிகழ்ச்சியை ஆடினார்கள். பாரிஸ்காரர்கள் புட்டோவை நேரில் கண்டது ஏறத்தாழ அப்போதுதான். இகேடாவின் இயற்பெயர் சனாயே. பாரிஸின் பழம்பெரும் பாலே நட்சத்திரம் கார்லோட்டா கிரிசியின் நினைவாகப் பெயரை மாற்றிக்கொண்டவர் அவர். பாலேவைப் புரட்டிப்போட வந்தவர் பாலே நாயகியின் பேரைச் சூடிக்கொண்டதை என்னவென்று சொல்வது! இகேடா பிரான்ஸிலேயே தங்கினார், போர்தோ நகரம் அவருடைய ஊராயிற்று. 2014இல் அங்கேயே காலமானார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1980இல், நான்சி நகர நாடக விழா ஓனோவை அழைத்தது. 73 வயதில், அந்தப் பழைய கவுனோடு, அவர் முதன்முறையாக ஐரோப்பிய மேடை ஏறினார். அதே ஆண்டு நான்சிக்கு வந்த இன்னொரு குழு சங்காய் ஜுகு. மொட்டைத் தலையும் வெள்ளை உடம்புமாக ஆண்கள் மட்டும் ஆடும் குழு. உஷியோ அமகாட்சு 1975இல் தொடங்கியது.

பிரெஞ்சு விமர்சகர்கள் பலருக்கு அந்த வெள்ளை உடம்புகள் ஹிரோஷிமாவின் சாம்பலை நினைவூட்டின. இன்றும் இணையத்தில் ‘அணுகுண்டின் நடனம்’ என்ற வருணனையைப் பார்க்கலாம். எளிதான விளக்கம், அதனாலேயே நம்பத் தயக்கமாயிருக்கிறது. ஹிஜிகாட்டா தன் நடனத்தைப் பற்றிப் பேசும்போது சொன்னது வயல்சேற்றையும் வடக்கத்திக் குளிரையும்தான். பெற்றோர் வயலில் வேலை செய்யும்போது குழந்தைகளை வைக்கோல் கூடைக்குள் கட்டி உட்கார வைப்பார்களாம். மாலையில் வெளியே எடுத்தால் கால் மரத்து நிற்க வராது. அந்தக் கால்தான் மேடைக்கு வந்தது.

பணம் எங்கிருந்து வந்தது

கலை பற்றிய விளக்கங்கள் வழக்கமாக இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். எனக்கோ இதுதான் பாதி விடை என்று படுகிறது.

ஜப்பானில் சிறு குழுக்களின் மேடைக்கு ‘நோருமா’ என்றொரு வழக்கம் உண்டு. ஆடுபவரே இத்தனை டிக்கெட் விற்றுத் தர வேண்டும். விற்காத டிக்கெட்டின் காசு அவர் கையைக் கடிக்கும். அறுபது எழுபதுகளின் புட்டோக்காரர்கள் வயிற்றுப்பாட்டுக்கும் குழுவின் செலவுக்கும் இரவில் காபரே விடுதிகளில் உடம்பெல்லாம் தங்கப்பொடி பூசி ஆடினார்கள். பகலில் வெள்ளைப்பொடி, இரவில் தங்கப்பொடி.

பிரான்ஸில் நிலைமை வேறு. நிகழ்கலைஞர்களுக்கென்று தனி வேலையின்மைக் காப்பீடு இருக்கிறது. 12 மாதத்தில் 507 மணிநேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டினால், வேலையில்லா நாட்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். ஒத்திகைக்கும் சம்பளம் உண்டு. நான்சி விழாவைத் தொடங்கிய ஜாக் லாங், 1981இல் கலாசார அமைச்சரானார். அவர் காலத்தில் தேசிய நடன மையங்கள் உருவாயின, இன்று நாடெங்கும் 19 இருக்கின்றன. 1982 முதல் பாரிஸின் தியேத்ர் த லா வில் அரங்கம் சங்காய் ஜுகுவின் படைப்புகளுக்குக் கூட்டுத் தயாரிப்பாளர் ஆனது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு புதிய படைப்பு என்று 2024இல் அமகாட்சு மறையும்வரை அந்த உறவு நீடித்தது.

மேடையில் ஆடியவர்கள் அத்தனை பேரும் ஜப்பானியர். அப்படியானால் இதைக் கூட்டுப் படைப்பு என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பேன். ஒரு நடனம் எவ்வளவு மெதுவாக நகர முடியும் என்பதை அடுத்த மாத வாடகையும் தீர்மானிக்கிறது. பிரான்ஸ் கொடுத்தது அவகாசம். ‘ஈர்ப்பு விசையோடு உரையாடல்’ என்று அமகாட்சு தன் நடனத்தை விளக்குவார். குழந்தை படுத்து, உட்கார்ந்து, எழுந்து நிற்பதே மனிதன் ஆடும் முதல் நடனம் என்பது அவர் எண்ணம். அதை மேடையில் காட்ட நேரம் வேண்டுமல்லவா?

எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் கத்ரீன் திவெரெஸ், பெர்னார்தோ மோந்தே என்ற இரண்டு இளம் பிரெஞ்சு நடனக்காரர்கள் ஓனோவிடம் கற்பதற்காக ஜப்பான் போனார்கள். வெள்ளைப்பொடியோடு திரும்பி வரவில்லை, ஓர் இருவர் நடனத்தோடு வந்தார்கள். அதைத் தொடர்ந்து இருவருமே பிரெஞ்சு நடனத்தில் தனிப் பெயர் எடுத்தார்கள். குரு ஆடியதை நகலெடுக்காமல், குரு கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றும். 1992இல் கியோட்டோவின் மலைச்சரிவில் ‘வில்லா குஜோயாமா’ திறக்கப்பட்டது. பிரெஞ்சுக் கலைஞர்கள் சில மாதம் தங்கிப் படைப்பதற்கான இல்லம். ஜப்பானில் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தை விதைத்தவர்களில் நம் பழைய தூதர் குளோதேலும் ஒருவர்.

ஒத்திகை அறைக்குள்

இப்போது அறைக்குள் நுழைவோம். ஜப்பானியத்தில் ‘மா’ என்றொரு சொல். இதைப் பற்றி 1978 இலையுதிர்காலத்தில் பாரிஸில் ஒரு கண்காட்சியே நடந்தது. கட்டடக் கலைஞர் அராத்தா இசோசாகி அமைத்தது, ஜப்பானிய நடனக் கலைஞர் மின் தனாகா போன்றவர்கள் அங்கே ஆடினார்கள். ‘மா’ என்றால் இரண்டு பொருளுக்கு நடுவே உள்ள வெளி. இரண்டு ஓசைக்கு நடுவே உள்ள மௌனமும் அதுதான். இடத்துக்கும் நேரத்துக்கும் ஒரே சொல்லா என்று ஐரோப்பியர்கள் திகைத்தார்கள். நமக்கு அந்தத் திகைப்பு தேவையில்லை. இடைவெளி என்கிறோம், இடைவேளை என்கிறோம், ஒரே ‘இடை’தான் இரண்டையும் தாங்குகிறது. போதாக்குறைக்கு அதே சொல் இடுப்பையும் குறிக்கும். ஜப்பானிய நடனத்தின் மையமும் இடுப்புதான். ‘கொஷி’ என்பார்கள். அதைத் தாழ்த்தி, பாதத்தைத் தரையை விட்டு எடுக்காமல் தேய்த்து நடப்பது அவர்கள் மரபு. அரைமண்டியில் நின்று பழகிய தொடைகளுக்கு இதன் வலி புரியும்.

பாலேயில் தொடங்கிய பிரெஞ்சு உடம்பு முதுகுத்தண்டை மேல்நோக்கி இழுக்கும், எண்ணிக்கை வைத்துக்கொண்டு நகரும். ஒன்று, இரண்டு, எட்டு. புட்டோக்காரர் எண்ண மாட்டார். ‘உன் வலது கையில் ஒரு பூச்சி ஊர்கிறது, கழுத்தில் இன்னொன்று இறங்குகிறது’ என்று ஆரம்பிப்பார். ஒவ்வொன்றாகப் பூச்சி பெருகி, உள்ளே நுழைந்து, கடைசியில் உடம்பையே தின்று தீர்த்துவிடும். ஹிஜிகாட்டா வழிவந்த புகழ்பெற்ற பயிற்சி இது. இப்படிப்பட்ட படிமங்களை நூற்றுக்கணக்கில் அவர் சொல்லிவைத்தார், ‘புட்டோ-ஃபு’ என்று அதற்குப் பெயர். கையைத் தூக்கு என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் கை தூக்கிக்கொள்கிறது.

இதை மொழிபெயர்ப்பாளர் வழியாகச் செய்துபாருங்கள். பூச்சியை மொழிபெயர்த்துவிடலாம், அதன் ஊர்வை எப்படி மொழிபெயர்ப்பது? ஜப்பானியத்தில் அதற்கென்றே ஒலிக்குறிப்புச் சொற்கள் ஏராளம், நம் ‘சரசர’, ‘குறுகுறு’ போல. பிரெஞ்சில் அந்தச் செல்வம் குறைவு. வார்த்தை தீர்ந்துபோகும் அந்த நொடியில் ஆசிரியர் எழுந்து ஆடிக் காட்டுவார், மாணவர் பாதி தவறாகப் புரிந்துகொள்வார். பல படைப்புகளின் சுவையே அந்தப் பாதித் தவறில் இருக்கிறது.

பிரெஞ்சு நடனக் கலைஞர் எமானுவேல் உயினும் மூத்த புட்டோ கலைஞர் அகிரா கசாயும் சேர்ந்து ஆடிய ‘ஷ்பீல்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தலைப்பு பிரெஞ்சும் இல்லை, ஜப்பானியமும் இல்லை. ‘விளையாட்டு’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல். கசாய் ஜெர்மனியில் வாழ்ந்தவர். உயின் அப்போது பிரான்ஸின் ஆன்ஜே நகரில் சமகால நடனத் தேசிய மையத்தை நடத்திக்கொண்டிருந்தார். இருவருக்கும் வயதும் பயிற்சியும் ஒட்டாது. ஒருவரைப்போல் மற்றவர் ஆட முயலவுமில்லை.

இகேடாவின் கடைசிக் காலப் படைப்பு ஒன்றில் பிரெஞ்சு எழுத்தாளர் பஸ்கால் கின்யார் மேடையிலேயே உட்கார்ந்து மெதேயாவைப் பற்றிய தன் உரையைப் படிப்பார். இகேடா ஆடுவார். கிரேக்கக் கதை, பிரெஞ்சுக் குரல், 70 வயதை எட்டிய ஜப்பானிய உடம்பு. உரை சொல்வதை நடனம் விளக்காது, நடனம் செய்வதை உரை வர்ணிக்காது.

கவோரி இட்டோ

ஒரே ஒருவரைப் பின்தொடர்ந்து இந்த உலகத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் கவோரி இட்டோவைச் சொல்வேன். தோக்கியோவில் ஐந்து வயதில் பாலே தொடங்கியவர், நியூயார்க்கில் படித்தவர். 2003இல் பிரெஞ்சு நடன அமைப்பாளர் ஃபிலிப் தெகூஃப்ளேயின் ‘ஈரிஸ்’ படைப்பில் ஆடினார். அதிலிருந்து அவர் வாழ்க்கை பிரான்ஸ் பக்கம் திரும்பியது. ஆன்ஜெலின் பிரெல்ஜொகாஜ், ஜேம்ஸ் தியெரே என்று பலருடன் ஆடினார்.

2012இல் துலூஸ் நகரத்து இயக்குநர் ஒரேலியன் போரி அவருக்காகவே ‘ப்ளெக்ஸஸ்’ என்ற தனி நடனத்தை உருவாக்கினார். மேடையில் தரைக்கும் கூரைக்கும் இடையே விறைப்பாகக் கட்டிய ஆயிரக்கணக்கான கயிற்றிழைகள். அந்தக் காட்டுக்குள் இட்டோ. சாய்ந்தால் இழைகள் தாங்கும், நகர்ந்தால் தடுக்கும், உரசினால் ஒலிக்கும். யார் படைப்பு இது? கயிற்றைக் கட்டியவர் அவர், கயிற்றுக்குள் என்ன செய்வது என்று கண்டுபிடித்தவர் இவர். போரி இப்படி மூன்று பெண் கலைஞர்களுக்கு மூன்று ‘உருவப்படங்கள்’ செய்தார். மூன்றாவது, 2018இல், நம் ஊரோடு தொட்டுக்கொள்வது. சென்னையில் பிறந்து பாரிஸில் வளர்ந்த குச்சிப்புடிக் கலைஞர் சாந்தலா சிவலிங்கப்பாவுக்காகச் செய்தது. அதே சாந்தலாவுக்கு முன்பே சங்காய் ஜுகுவின் அமகாட்சு ‘இபுகி’ என்றொரு தனி நடனம் அமைத்துக் கொடுத்திருக்கிறார். இபுகி என்றால் மூச்சு. அமகாட்சு தன் குழுவுக்கு வெளியே அமைத்தவை கொஞ்சம்தான், அதில் ஒன்று குச்சிப்புடி உடம்புக்கு.

இட்டோ 2015இல் தன் அப்பாவை மேடைக்குக் கூட்டிவந்தார். ஹிரோஷி இட்டோ, சிற்பி. மகள் நாட்டைவிட்டுப் போய்ப் பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது. ‘சொற்களை நம்பாததால் ஆடுகிறேன்’ என்று படைப்புக்குப் பெயர். மகள் கேள்வி மேல் கேள்வியாக அப்பாவிடம் கேட்கிறாள், பிறகு இருவரும் ஆடுகிறார்கள். மேடையில் இருவருமே ஜப்பானியர்தான். ஆனால் அப்பாவிடம் இப்படி நேருக்கு நேர், ஊர்பார்க்கக் கேள்வி கேட்கும் துணிச்சல் பிரான்ஸில் கற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டுப் படைப்பு சில சமயம் ஒரே உடம்புக்குள் நடக்கும். 2023 முதல் இட்டோ ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் குழந்தைகள், இளையோருக்கான தேசிய நாடக மையத்தின் இயக்குநர்.

எல்லாம் இனிப்பாகவே நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஜப்பானிலிருந்து யார் வந்தாலும் ‘புட்டோவா?’ என்று கேட்கும் நோய் ஐரோப்பாவில் நெடுநாள் இருந்தது. சபுரோ தெஷிகவாரா 1986இல் பாரிஸை ஒட்டிய பான்யொலே நடனப் போட்டியில் பரிசு வாங்கியபோதும் அந்தக் கேள்வி வந்தது. அவருடைய நடனம் வெள்ளைப்பொடியும் இல்லை, இருளும் இல்லை, காற்றில் அலையும் தாள் மாதிரி. பின்னாளில் அவர் பாரிஸ் ஓப்ரா பாலேக்கே மூன்று படைப்புகள் அமைத்தார். 2003இல் ‘ஏர்’, 2013இல் இரண்டாவது, 2017இல் மூன்றாவது. உலகிலேயே கட்டுப்பாடு மிகுந்த பாலே குழு ஒன்றின் கலைஞர்களிடம், முதலில் மூச்சை உணருங்கள், அசைவு அதிலிருந்து வரட்டும் என்று கேட்டவர்.

பார்ப்பது எப்படி

நேரில் பார்க்கும் வாய்ப்பு நம்மில் பலருக்கு இருக்காது. ‘நியூமெரிடான்ஸ்’ என்ற பிரெஞ்சு இணைய நடன நூலகம் இலவசம், அங்கே தேடலாம். கதை என்ன என்று கேட்டுக்கொண்டே பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். பாதத்தைப் பாருங்கள். தரையை அழுத்துகிறதா, விட்டு விலகப் பார்க்கிறதா? யார் முதலில் நிற்கிறார்கள், மற்றவர் அதற்கு என்ன செய்கிறார் என்று பாருங்கள். இசை நின்றபிறகும் உடம்பு தொடர்கிறதா என்று கவனியுங்கள். இருவர் ஆடினால், ஒருவர் மற்றவருடைய பழக்கத்துக்கு இறங்கிப்போகும் இடம் ஒன்று இருக்கும், மறுத்து நிற்கும் இடமும் இருக்கும். இரண்டாவதைத் தேடுங்கள்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் ‘ப்ளெக்ஸஸ்’ என்பேன், கண்ணுக்கு உடனே பிடித்துவிடும். அடுத்து, பொறுமை இருக்கும் ஒரு நாளில், லியோன் நடனத் திருவிழாவில் 2012இல் அரங்கேறிய சங்காய் ஜுகுவின் ‘உமுசுனா’. மேடையின் நடுவே மேலிருந்து மெல்லிய கோடாக மணல் விழுந்துகொண்டிருக்கும். மனிதர்கள் நெடுநேரம் அசையாமல் இருந்து சந்தேகம் வந்தால், அந்த மணலைப் பாருங்கள். அது விழுந்துகொண்டிருந்தால் நெட் நிற்கவில்லை.